மறுமொழி எழுதுபவர் யார்?

அண்மைக் காலக் கல்வியியல் நூல்களையும் பல்கலைக் கழக அறிக்கைகளையும் புரட்டிப் பார்ப்போர் ஒரு பெயர்மாற்றத்தைக் கண்டிருப்பர். ஒரு காலத்தில் ‘தபால்மூலக் கல்வி’ என வழங்கியது பின்னர் ‘தொலைக்கல்வி’ ஆயிற்று. அத்தொலைக்கல்வி இப்பொழுது ‘நிகழ்நிலைக் கற்றல் வடிவமைப்பு’ என்னும் புதுப்பெயரைப் பூண்டு நிற்கிறது. பெயர்கள் காரணமின்றி மாறுவதில்லை. தொலைவு என்பது இருவர்க்கிடையே உள்ளது; ஆசிரியர் ஓரிடத்தும் மாணவர் பிறிதோரிடத்தும் இருப்பதை அச்சொல் உணர்த்திற்று. பிரிவைச் சுட்டும் சொல்லாயினும் அதனுள் இரண்டு மனிதர் இருந்தனர். வடிவமைப்பு என்னும் சொல்லிலோ செய்யப்படும் பொருளும் அதனைச் செய்பவருமே உளர். மாணவர் அப்பொருளைப் பயன்படுத்துபவராக எங்கோ ஓரத்தில் நிற்கிறார். ஆசிரியர் எங்கே போனார் என்பதை ஆராய்வதே எமது நோக்கம்.

இம்மாற்றத்தின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் ஒரே பாதையிற் செல்வன. முதலில் தபால், அடுத்து வானொலி, அதன்பின் தொலைக்காட்சி, ஒலிநாடா, கணனி, இணையம் எனக் கருவிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் ஒரு ‘தலைமுறை’ என வகுத்து, கடைசித் தலைமுறையே உயர்ந்தது என முடிப்பர். ஓலைச் சுவடிக் காலம், அச்சுக் காலம் என இரண்டு தலைப்பிட்டுத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதி முடித்துவிட்டதாக ஒருவர் கூறுவாராயின் நாம் நகைப்போம். யார் எழுதினர், யாருக்காக எழுதினர், யார் ஆதரவில் எழுதினர் என்று கேட்போம். கல்வி வரலாற்றிலும் அவ்வாறே கேட்கவேண்டும். மாணவர் எழுதியனுப்பிய விடையை வாசித்து மறுமொழி எழுதியவர் யார்? அவருக்குக் கூலி கொடுத்தவர் யார்? இந்த இரு கேள்விகளையும் கையிற் கொண்டு பார்ப்பின் ‘தலைமுறை’ வரிசை குலைந்து வேறொரு வரலாறு தோன்றுகிறது.

1840இல் பிரித்தானியாவில் ஒரு பென்னித் தபால் முறை நடைமுறைக்கு வந்தபோது ஐசாக் பிற்மன் தமது சுருக்கெழுத்தைத் தபால்மூலம் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர் எழுதியனுப்பிய பயிற்சிகள் திருத்தப்பட்டுத் திரும்பிச் சென்றன. மாணவர் தொகை பெருகவே, ஒருவரால் எல்லாவற்றையும் திருத்த இயலாதுபோயிற்று. 1843இல் திருத்தும் பணிக்கெனச் சங்கமொன்று அமைக்கப்பட்டது. தொலைக்கல்வி பிறந்த மூன்றாண்டுகளுள்ளேயே அதன் மூலப் பிரச்சினையும் பிறந்துவிட்டது. பாடத்தை எத்தனை பிரதிகளாகவும் பெருக்கலாம். மறுமொழியை அவ்வாறு பெருக்க இயலாது.

இலண்டன் பல்கலைக் கழகம் 1858இல் வெளிவாரிப் பரீட்சையை ஏற்படுத்தியபோது இப்பிரச்சினையை மிக எளிதாகத் தீர்த்துக்கொண்டது. அது கற்பிக்கவேயில்லை. வினாத்தாளை அனுப்பிற்று, விடைத்தாளைப் பெற்றுப் புள்ளியிட்டது, பட்டம் வழங்கிற்று. இடையிலிருந்த வெளியை வணிகர் நிரப்பினர். 1887இல் வில்லியம் பிறிக்ஸ் தொடங்கிய தபால்மூலக் கல்லூரி இலண்டன் பரீட்சைக்கு மாணவரைத் தயார்செய்து வளர்ந்தது. பின்னர் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற எச். ஜி. வெல்ஸ், வறுமையுற்ற இளைஞராக அங்கே உயிரியல் ஆசிரியராகப் பணிபுரிந்தவர். எமது நாட்டுக்கும் இதனோடு நேர்த்தொடர்புண்டு. 1921இல் கொழும்பில் நிறுவப்பட்ட பல்கலைக் கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக் கழகம் தோன்றும்வரை இலண்டன் வெளிவாரிப் பட்டத்துக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. ஆயிரக் கணக்கான மைல்களுக்கு அப்பால் அமர்ந்திருந்தோர் வகுத்த பாடவிதானத்துக்கு இங்குள்ளோர் தம் அறிவை வளைத்துக்கொண்டனர். ஆகவே தொலைக்கல்வி எமக்குப் புதியதொன்றன்று. எமது படித்த வர்க்கத்தின் ஒரு பகுதியே அதன் விளைவுதான்.

பழைய தபால்மூலக் கல்வியை இன்று ஏக்கத்தோடு திரும்பிப் பார்ப்பாரும் உளர். அவர்கள் அமெரிக்க அறிஞர் டேவிட் நோபிள் 2001இல் வெளியிட்ட நூலை வாசித்தல் நன்று. இயந்திரங்களின் வரலாற்றைத் தொழிலாளரின் பக்கம் நின்று எழுதியவர் நோபிள். இணையவழிப் பல்கலைக் கழகம் பற்றிய ஆரவாரம் எழுந்த காலத்தில், இதே ஆரவாரம் நூறாண்டுகளுக்கு முன்பும் எழுந்ததே என்று அவர் நினைவூட்டினார். 1891இல் பென்சில்வேனியாவின் நிலக்கரி நகரான ஸ்கிரான்ரனில் தோன்றிய சர்வதேசத் தபாற் கல்விச்சாலைகள், சுரங்கத் தொழிலாளர்க்குச் சுரங்கப் பாதுகாப்புக் கற்பிக்கும் நன்னோக்கோடு தொடங்கி, விற்பனை முகவர்களின் பெரும்படையை வைத்து நடத்தும் வியாபாரமாக வளர்ந்தன. சேர்ந்தோரில் மிகப் பலர் முடிக்கவில்லை. ஆனால் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தியிருந்தனர். விடை அனுப்பாத மாணவருக்கு மறுமொழி எழுதவேண்டியதில்லையன்றோ! இடைவிலகியோர் விட்டுச்சென்ற பணமே இலாபமாயிற்று. இத்தகைய கல்வி முறையில் மாணவரின் தோல்வி நிறுவனத்தின் வருமானமாகிறது.

நோபிளின் நூலைப் பாராட்டும் நாம் அதன் எல்லையையுங் குறிப்பிடுதல் வேண்டும். அவருடைய நோக்கு வட அமெரிக்காவோடு நின்றுவிடுகிறது. வணிகரின் கையிலிருந்த தபால்மூலக் கல்வியை அவர் தோலுரித்துக் காட்டியது சரியே. ஆனால் அதே கல்வி பொதுநிதியின் ஆதரவில், உழைக்கும் மக்களை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டால் என்னாகும்? இதற்கு விடை வேண்டின் பிரித்தானியாவின் திறந்த பல்கலைக் கழகத்துக்கு வரவேண்டும்.

1963இல் தொழிற்கட்சித் தலைவர் ஹரல்ட் வில்சன் ‘வானலைப் பல்கலைக் கழகம்’ பற்றிப் பேசியபோது பலர் அதனைத் தேர்தல் வேடிக்கையாகக் கருதினர். அதை மெய்யாக்கியவர் ஜெனி லீ. ஸ்கொத்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாகிய அவர் அமைச்சராக இருந்து ஒரு நிபந்தனையை விடாப்பிடியாக வலியுறுத்தினார். தொழிலாளர்க்கு ஏற்றது என்னும் பெயரால் தரங்குறைந்த கல்வி வழங்கப்படக் கூடாது. இங்கு பெறும் பட்டம் ஏனைய பல்கலைக் கழகப் பட்டத்துக்குச் சமமாக இருத்தல் வேண்டும். 1969இல் அரச பட்டயம் கிடைத்தது. 1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவரோடு கற்பித்தல் தொடங்கிற்று. நுழைவுத் தகுதி எதுவும் கேட்கப்படவில்லை.

பொதுமக்கள் மனத்தில் இப்பல்கலைக் கழகம் என்றதும் தோன்றும் காட்சி, நள்ளிரவிலோ விடியற்காலையிலோ தொலைக்காட்சியில் கரும்பலகை முன் நிற்கும் தாடிக்கார விரிவுரையாளரே. உண்மையில் ஒளிபரப்பு, மாணவரின் படிப்பு நேரத்தில் ஒரு சிறு பகுதியே. அந்நிறுவனத்தின் உயிர்நாடி வேறிடத்தில் இருந்தது. ஒவ்வொரு மாணவரும் குறித்த தவணைகளில் ஒப்படை எழுதியனுப்பினர். பகுதிநேர ஆசிரியர் ஒருவர் அதனை வரிவரியாக வாசித்து, ஓரங்களிற் குறிப்பெழுதி, தனித்தாளில் விரிவாக மறுமொழி வரைந்து திருப்பியனுப்பினார். ஓர் ஆசிரியருக்கு ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து மாணவர். அவ்வாசிரியர் எழுதும் மறுமொழியையே மேற்பார்வையாளர் எடுத்துப் படித்து, அது மாணவருக்குப் பயன்படுமா எனச் சோதித்தனர். புள்ளியைச் சோதிப்பது எங்கும் உண்டு. மறுமொழியின் தரத்தைச் சோதிப்பது அரிது. பகல் முழுவதும் வேலை செய்து இரவில் அடுக்களை மேசையில் எழுதிய ஒரு தாதிக்கோ இயந்திரத் தொழிலாளிக்கோ தம் வாழ்நாளில் முதன்முறையாக, தாம் எழுதியதை ஒருவர் பொருட்படுத்தி வாசித்தார் என்பதற்கு அத்தாளே சான்று. ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இதன் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை.

ஜெர்மானியக் கல்வியியலாளர் ஒட்டோ பீட்டர்ஸ் தொலைக்கல்வியைப் பற்றி 1960களிலும் 1970களிலும் எழுதியவை இங்கு மனங்கொள்ளத்தக்கவை. பின்னர் ஹாகன் தொலைக்கல்விப் பல்கலைக் கழகத்தின் முதலாவது தலைவராகப் பொறுப்பேற்ற அவர், தொலைக்கல்வியைக் கற்பித்தலின் மிகவும் தொழில்மயமான வடிவம் என்றார். வேலைப் பிரிவினை, திட்டமிடல், இயந்திரமயம், பெருந்தொகை உற்பத்தி ஆகிய ஆலையின் இயல்புகள் யாவும் அதில் உள. ஒருவர் பாடம் எழுத, இன்னொருவர் பதிப்பிக்க, வேறொருவர் திருத்துகிறார். முழு ஆசிரியர் என ஒருவர் இல்லை. பீட்டர்ஸ் இதனைப் புகழ்ச்சியாகவன்றி விளக்கமாகவே கூறினார். இவ்வொப்புமையை நாம் இன்னோரடி முன்கொண்டு சென்றால் மறைந்திருக்கும் கணக்கு வெளிப்படும். பாடத்தை ஆக்கும் செலவு ஒருமுறைச் செலவு. மாணவர் பெருகப் பெருக அது தலைக்கு இத்தனை எனக் குறைந்துகொண்டே வரும். மறுமொழியின் செலவோ ஒவ்வொரு மாணவரோடும் கூடிக்கொண்டே போகும். கல்வியைச் சந்தைப் பண்டமாகக் கருதுவோர் கண்ணில் முன்னது முதலீடு, பின்னது வீண்விரயம். பின்னதைக் குறைக்கும் வழி தேடுவதே அவர்தம் ‘புதுமை’யின் உட்பொருள்.

கற்றல் வடிவமைப்பு இந்நோக்கத்துக்காகவே தோன்றியது என நாம் கூறவரவில்லை. அவ்வாறு கூறுதல் நேர்மையாகாது. இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான டயானா லோறிலாட், திறந்த பல்கலைக் கழகத்திலும் பணியாற்றியவர். 1993இல் வெளியிட்ட நூலில், கற்பித்தல் என்பது ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே இடையறாது நிகழும் உரையாடல் என்பதையே அடிப்படையாக்கினார். 2012இல் கற்பித்தலை ஒரு வடிவமைப்பு விஞ்ஞானமாகக் காணவேண்டும் என வாதிட்டபோதும் அவ்வுரையாடலை அவர் கைவிடவில்லை. திறந்த பல்கலைக் கழகமே 2007 முதற்கொண்டு வடிவமைப்பு முயற்சியை ஒழுங்காக மேற்கொண்டது. மாணவர் செய்யும் வேலையை வாசித்தல், தேடுதல், பிறரோடு தொடர்புகொள்ளல், ஆக்குதல், அனுபவித்தறிதல் முதலிய வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணிநேரம் என ஆசிரியர் குழு முன்கூட்டியே சிந்திக்கும்படி செய்தது. வேலைக்குச் செல்லும் மாணவர்மேல் அளவுக்கு மீறிய பாடச்சுமையை ஏற்றும் பழைய பாவத்தை இம்முறை வெளிப்படுத்திற்று. அது நல்ல பயன்.

அம்முயற்சியின் வழிவந்த ஆய்வொன்று எமது வாதத்துக்கு எதிர்பாராத் துணையாக வாய்த்தது. 2016இல் வெளிவந்த அவ்வாய்வு, அப்பல்கலைக் கழகத்தின் 151 பாடத்தொகுதிகளையும் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட மாணவரையும் எடுத்துக்கொண்டது. மாணவர் இடைவிலகாது நிலைத்திருந்ததோடு மிக நெருங்கிய தொடர்புடையது, அவர் பிறரோடு தொடர்புகொள்வதற்கு ஒதுக்கப்பட்ட நேரமே என்று அது கண்டது. அழகிய பக்கங்களும் அசையும் படங்களும் மாணவரைத் திருப்திப்படுத்தக் கூடும். ஆனால் அவரைப் பிடித்து நிறுத்துவது மற்றொரு மனிதரே. வடிவமைப்புத் துறை தன் அளவுகோலாலேயே அளந்து கண்ட உண்மை இது. எனினும் பல்கலைக் கழக நிர்வாகங்கள் அத்துறையிடமிருந்து வாங்கிக்கொண்டவை படிவங்களும் வார்ப்புருக்களுமே.

வணிக உலகம் வாங்கிக்கொண்டது இன்னும் குறைவு. 2008இல் கனடாவில் ஸ்ரீபன் டவுன்ஸும் ஜோர்ஜ் சீமென்ஸும் நடத்திய திறந்த இணையக் கற்கைநெறி, கற்போர் தமக்குள் உரையாடி அறிவைக் கட்டியெழுப்பும் ஒரு பரிசோதனை. மூன்றாண்டுகளின் பின் ஸ்ரான்போர்ட் பல்கலைக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு 1,60,000 பேர் பதிவுசெய்தனர். அந்த எண்ணே முதலீட்டாளரைக் கவர்ந்தது. 2012இல் யுடாசிற்றி, கோசெரா, எடெக்ஸ் ஆகியன தோன்றின. உரையாடல் போய் விரிவுரைப் படமும் இயந்திரம் புள்ளியிடும் வினாக்களும் எஞ்சின. எத்தனை பேர் முடித்தனர் என்று கேட்பது நாகரிகமற்ற கேள்வியாகக் கருதப்பட்டது. எடெக்ஸின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட கட்டுரையின்படி, 2017-18ஆம் ஆண்டில் பதிவுசெய்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே முடித்தனர்.

சன் ஹொசே மாநிலப் பல்கலைக் கழகத்தில் நிகழ்ந்ததைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். கலிபோர்னியாவில், கணனி முதலாளிகளின் தலைநகராகிய பள்ளத்தாக்கிலேயே அமைந்த அப்பல்கலைக் கழகத்திற் பெரும்பாலும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளே பயில்கின்றனர். 2013 தொடக்கத்தில் அது யுடாசிற்றியோடு சேர்ந்து மூன்று கணிதப் பாடங்களை 150 டொலர் கட்டணத்துக்கு இணையத்தில் நடத்திற்று. வறிய பகுதிப் பாடசாலை மாணவரும் சேர்க்கப்பட்டனர். அவருட் சிலருக்கு வீட்டிற் கணனியே இருக்கவில்லை. பெறுபேறு வந்தபோது, கல்லூரி அட்சரகணிதத்தில் வெளியிலிருந்து சேர்ந்தோரில் நூற்றுக்குப் பன்னிருவரே சித்தியெய்தினர். யூலையில் திட்டம் இடைநிறுத்தப்பட்டது. கோடைக்காலப் பாடங்களிற் பெறுபேறு உயர்ந்ததென்று கம்பெனி எடுத்துக்காட்டியது உண்மையே. ஆயின் அப்போது சேர்ந்தோருட் பலர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள்! அவ்வாண்டு இறுதியில் யுடாசிற்றியின் நிறுவனர் செபஸ்ரியன் துறுண் தம் பண்டம் தரமற்றதென ஒப்புக்கொண்டார். அத்தோடு, அம்மாணவர் கடினமான சூழலிலிருந்து வந்தோர், இம்முறை அவர்க்குப் பொருந்தாது என்றும் காரணங் காட்டினார். பின்னர் நிறுவனம் கம்பெனி ஊழியர் பயிற்சியின் பக்கம் திரும்பிற்று. கல்வி கிட்டாதவர்க்குக் கல்வி எனக் கொடியேற்றி வந்தவர், அவர்களே தம் வியாபாரத்துக்குத் தகாதவர் எனக் கூறி அகன்றது இங்கு கவனிக்கத்தக்கது.

அதே பல்கலைக் கழகத்தின் மெய்யியற்றுறை ஆசிரியர்கள் அவ்வாண்டு எழுதிய பகிரங்கக் கடிதம் ஒன்றும் உண்டு. ஹாவாட் பேராசிரியர் மைக்கல் சன்டலின் நீதி பற்றிய விரிவுரைப் படங்களை எடெக்ஸ் வழியே தம் வகுப்பிற் பயன்படுத்த அவர்கள் மறுத்தனர். செல்வர் பிள்ளைகளுக்கு உயிருள்ள பேராசிரியரும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பேராசிரியரின் படமும் என இருவகைப் பல்கலைக் கழகங்கள் உருவாகும் என அவர்கள் அஞ்சினர். நீதி பற்றிய பாடத்தை முன்வைத்தே இவ்விவாதம் எழுந்தது பொருத்தமானதே.

திறந்த பல்கலைக் கழகமும் இக்காற்றுக்குத் தப்பவில்லை. 2012இல் இங்கிலாந்தில் அரச மானியம் குறைக்கப்பட்டுக் கட்டணம் பன்மடங்கு உயர்ந்தபோது பகுதிநேர மாணவர் தொகை பெரிதும் வீழ்ந்தது. அதே ஆண்டில் அது ‘பியூச்சர்லேர்ண்’ என்னும் இணைய நிறுவனத்தைத் தொடங்கி, 2019இற் பாதியை ஒரு கம்பெனிக்கு விற்று, 2022இல் முழுவதையும் கைமாற்றிற்று. எடெக்ஸும் 2021இல் 80 கோடி டொலருக்கு ஒரு கம்பெனிக்கு விற்கப்பட்டது. வாங்கிய கம்பெனி 2024இற் கடன் தீர்க்க வழியின்றி நீதிமன்றப் பாதுகாப்பை நாடிற்று. ஆனால் 2022ஆம் ஆண்டைப் பற்றி வேறொரு செய்தியும் உண்டு. நீண்டகாலமாகத் தற்காலிக ஒப்பந்தத்தில் ஒப்படை திருத்திவந்த திறந்த பல்கலைக் கழக ஆசிரியர் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர், தம் தொழிற்சங்கத்தின் பேச்சுவார்த்தையால் அவ்வாண்டில் நிரந்தர நியமனம் பெற்றனர். வடிவமைப்பு நூல்கள் இதனைக் குறிப்பிடுவதில்லை. எமது பார்வையில், கடந்த கால் நூற்றாண்டின் தொலைக்கல்வி வரலாற்றில் இதைவிடப் பெரிய சீர்திருத்தம் வேறில்லை.

இப்பொழுது இயந்திரமே மறுமொழி எழுதவும் வந்துவிட்டது. 2022 நவம்பரில் சற்ஜிபிரி வெளிவந்த பின் ஒப்படையை எழுதுவதும் அதனைத் திருத்துவதும் இயந்திரத்துக்கு இயந்திரம் நடத்தும் கடிதப் போக்குவரத்தாக மாறும் நிலை தோன்றியிருக்கிறது. அது விரைவாகவும் சலியாமலும் பதில் தருகிறது, பிழையும் சொல்கிறது. மலைநாட்டிலோ வன்னியிலோ நள்ளிரவில் ஐயந்தீர்க்க ஒருவருமில்லாத மாணவிக்கு அதுவும் ஓர் உதவியே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அம்மாணவி மூன்று கிழமையாக ஒன்றும் எழுதி அனுப்பவில்லையென்றால், ஏன் என்று விசாரிக்கக் கடமைப்பட்டவர் யார்?

எமது நாட்டுக்கு வருவோம். 1980இல் நாவலையைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றிய இலங்கைத் திறந்த பல்கலைக் கழகம், பிரித்தானிய முன்மாதிரியைப் பின்பற்றி அச்சிட்ட பாடநூல், ஒப்படை, பிராந்திய நிலையங்களில் நடக்கும் வகுப்பு என்பவற்றின்மேல் எழுந்தது. இதனை வாசிக்கும் ஆசிரியருட் பலர் பட்டப்பின் கல்வி டிப்புளோமாவை அங்கே பெற்றவராக இருப்பர். 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் நிறுவனங்கள் மூடப்பட்டபோது எல்லாம் ஒரே நாளில் இணையத்துக்கு மாறின. பல்கலைக் கழக மாணவர்க்கு ‘லேர்ண்’ வலையமைப்பு வழியாகக் கட்டணமின்றி விரிவுரை கேட்க வழிசெய்யப்பட்டது. அது பாராட்டத்தக்க பொதுச் சேவை. பாடசாலைப் பிள்ளைகளின் நிலை வேறு. 2021இல், தொலைபேசி அலையைத் தேடி ஆசிரியையும் மாணவரும் பாறையுச்சிக்கு ஏறிய மலைக்கிராமம் ஒன்றின் படத்தை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. படத்தைக் கண்டோர் மாணவரின் ஆர்வத்தை வியந்தனர். அந்த ஆசிரியையைப் போன்றோர் தம் சொந்தப் பணத்தில் இணைய இணைப்பு வாங்கிப் பாடம் அனுப்பினர் என்பது பலர் கண்ணுக்குத் தென்படவில்லை. அவ்வாண்டு யூலை முதல் ஒக்ரோபர் வரை ஆசிரியர் சங்கங்கள், நெடுங்காலச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றபோதுதான், திரைக்குப் பின்னால் ஒரு தொழிலாளர் இருக்கிறார் என்பது நாட்டுக்குத் தெரியவந்தது. பெற்றோர் வருந்தினர், பிள்ளைகள் இழந்தனர். அவ்விழப்பைச் சிறிதென்று கூற நாம் ஒருப்படோம். எனினும் அம்மூன்று மாதங்களில் இணைப்புகளும் செயலிகளும் அப்படியே இருக்க, கல்வி நின்றுபோயிற்று.

நோபிள் கற்பித்த ரொறொன்ரோ யோர்க் பல்கலைக் கழகத்தில் 1997ஆம் ஆண்டு நடந்த வேலைநிறுத்தத்தின் முடிவில், வகுப்பிற் புதிய தொழில்நுட்பத்தைப் புகுத்துவது பற்றிய பாதுகாப்பு ஆசிரியர்களின் ஒப்பந்தத்தில் எழுத்தில் இடம்பெற்றது. எமது கல்விப் பீடங்களிலும் வலயக் கல்விப் பணிமனைகளிலும் இன்று நிகழ்நிலைத் திட்டங்கள் தயாராகின்றன. அவற்றில் மென்பொருளுக்கு ஒரு தொகை இருக்கும். பயிற்சிப் பட்டறைக்கு ஒரு தொகை இருக்கும். ஓர் ஆசிரியருக்கு எத்தனை ஒப்படை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், அந்நேரத்துக்கு என்ன ஊதியம், எத்தனை நாளுள் மாணவர் கைக்கு மறுமொழி சேரவேண்டும் என்னும் நான்கு வரிகள் அத்திட்டத்தில் எந்தப் பக்கத்தில் உள்ளன என்று, கையெழுத்திடுமுன் எமது சங்கங்கள் கேட்கட்டும்.